வேன் கடிகாரம்

இந்த அறையில் கொடுக்கும் காபி அவ்வளவு மோசமில்லை. கொஞ்சம் ஆறியிருக்கிறது, சர்க்கரை தூக்கல். ஆனாலும் கேட்டவுடன் கொண்டுவந்து வைத்தார்கள். டிடெக்டிவ் ஏதோ படிவம் எடுக்கப் போயிருக்கிறார். அரைமணி நேரம் ஆகும் என்று சொல்லி, அதற்கு வருத்தமும் தெரிவித்தார். மரியாதையான மனிதர். கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக வராந்தா நாற்காலி தெரிகிறது. அதில் என் மகள் ரெபெக்கா உட்கார்ந்திருக்கிறாள். காரில் என்னை இங்கே கூட்டிவந்தது அவள்தான். இறங்கும்போது மட்டும், "ஜஸ்ட் டெல் தெம், அப்பா," என்றாள்.

சொல்லத்தான் போகிறேன். ஷைன் சிறையில் இருக்கிறான். நான் சொன்னால் வெளியே வருவான். அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் எதையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அதனால் டிடெக்டிவ் வருவதற்குள் ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

என் பெயர் ரூஃபஸ். வயது ஐம்பத்தொன்பது. நாகர்கோவில்காரன். நியூஜெர்சிக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. மாத்திரை தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலை. யார், எந்த நிமிடத்தில், எந்த இயந்திரத்தைத் தொட்டார் என்பது அந்த நிமிடமே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் அந்த வேலையை ஒருவரும் செய்யவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வோம். இந்த ஒழுங்கைத்தான் எங்கள் சபைக்கும் கொண்டுவந்தேன். ஐசலினுக்குப் பக்கத்தில் ஓர் அமெரிக்கச் சர்ச்சின் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் தமிழ்ச் சபை. பதினொரு வருடமாக நான்தான் செயலாளர்.

சபைக்கு ஒரு வெள்ளை வேன் உண்டு. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாக்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னதாகவே கூட்டிவருவதற்காக வாங்கியது. அதில் ஒரு நோட்டு வைத்தேன். எடுத்த நேரம், விட்ட நேரம், கையெழுத்து. ஆளாளுக்கு ஒரு வாட்ச், ஒரு ஃபோன், ஒரு நேரம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வரும். வேனில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று விதி போட்டேன். அந்த விதியை ஒரு நாள்கூட விடாமல் கடைப்பிடித்தவன் ஷைன் ஒருவன்தான்.

ஷைன் மார்த்தாண்டத்துக்காரன். இதெல்லாம் நடந்தபோது இருபத்தொன்பது வயது. ஹெச்-ஒன் விசாவில் வந்து சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மனைவி ரெனிஷா அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் ஓட்டுவது அவன் பொறுப்பு. எட்டு ஐந்துக்கு எடுப்பான், எட்டு ஐம்பதுக்குக் கொண்டுவந்து விடுவான். நோட்டில் வாராவாரம் அதே நேரம் இருக்கும். யார் எதைச் சொன்னாலும் முதலில் 'சரி அங்கிள்' என்பான், பிறகுதான் யோசிப்பான். அவனை எனக்குப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சபை ஹாலில் குடியுரிமைத் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறேன். இதுவரை நாற்பத்தொரு பேர் பாஸ். வகுப்பில் சேர்பவர்களுக்கு அரசியல் சட்டம் அச்சிட்ட சின்னப் புத்தகம் ஒன்று கொடுப்பேன், சட்டைப்பையில் அடங்கும். என் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். உங்களை யாரும் உங்களுக்கு எதிராகவே பேசவைக்க முடியாது, வக்கீல் கேட்கலாம், கையில் காசில்லையென்றால் அரசாங்கமே ஒருவரைத் தரும், ஜூரியாக உட்காரும் பன்னிரண்டு பேர் முன்னால் விசாரணை கேட்கலாம், உங்களுக்காகச் சாட்சி சொல்ல ஆட்களைக் கூப்பிடலாம். இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் சட்டைப்பையைத் தொட்டுக்கொள்வேன். எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துக்கொள்வேன். ஷைன் அந்த வகுப்புக்கு வந்ததில்லை. அவனுக்கு இன்னும் கிரீன் கார்டே வரவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நவம்பர் முதல் ஞாயிறு, இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் நாள். ஃபோன்கள் தானாகவே மாறிவிடும். வேன் கடிகாரம் மாறாது. ஒவ்வொரு வருடமும் ஆராதனை முடிந்த பிறகு நான்தான் போய் மாற்றுவேன். அதே நாளில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகையும் வந்தது. பூசணி, வாழைத்தார், கரும்பு எல்லாம் பீடத்தின் முன்னால் அடுக்க வேண்டும். அதனால் மூத்தவர்களை ஒரு மணி நேரம் முன்னதாகவே கூட்டிவரச் சொல்லி சனிக்கிழமை ஷைனுக்கு ஃபோன் செய்தேன். அவனும் ஏழு ஐந்துக்கு வேனை எடுத்து, ஏழு ஐம்பதுக்கு ஐந்து பேரையும் கொண்டுவந்து இறக்கினான். ஆனால் மாற்றாத வேன் கடிகாரம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காட்டியது. என் விதிப்படி அதைப் பார்த்து எழுதினான். எட்டு ஐந்து, எட்டு ஐம்பது, கையெழுத்து. நோட்டைப் புரட்டுகிறவருக்கு அது எல்லா வாரத்தையும் போல ஒரு வாரம்தான்.

வேன் ஒரு மனிதரை இடித்தது அன்று சரியான நேரப்படி எட்டு முப்பத்தாறுக்கு. அந்தத் தெருவில் ஒரு வீட்டின் வாசல் கேமராவில் வெள்ளை வண்டி ஒன்று ஓரமாகப் போவதும் சத்தமும் பதிவாகியிருந்தன. அந்த நேரத்தில் ஷைன் சர்ச்சில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான்.

வேனை ஓட்டியது நான்.

பண்டிகைச் சாப்பாடு ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கடையில் சொல்லியிருந்தோம். வழக்கமாக என் காரில் போய் வாங்கி வருவேன். அன்று ஆறு பெரிய ட்ரே, இரண்டு சாம்பார்ப் பாத்திரம். காரில் கொள்ளாது. சாவி சமையலறை ஆணியில் தொங்கியது. மூத்தவர்கள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பத்துக்கு வேனை எடுத்தேன். நோட்டில் எழுதவில்லை. நான் செயலாளர், எனக்கே எதற்கு என்று ஒரு நினைப்பு.

திரும்பி வரும்போது பின்னால் ஒரு சாம்பார்ப் பாத்திரம் சரிந்தது. மூடி கழன்று விழுந்த சத்தம் கேட்டது. ஒரு விநாடி தலையைத் திருப்பினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. எல்லா வீட்டுக்காரர்களும் இலைகளை வாரி ரோட்டோரத்தில் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியல்களைச் சுற்றிக்கொண்டு ஒரு பெரியவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். நீலத் தொப்பி. சத்தம் கேட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பெயர் வால்டர் என்று பிறகு தெரிந்தது. எழுபத்தொரு வயது, ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

இறங்கிப் பார்த்தேன். இலைக்குவியலில் விழுந்து கிடந்தார். அசைவில்லை. தெருவில் யாரும் இல்லை. வேனில் ஏறி, சர்ச்சுக்குப் போய், முன்பக்கம் வேலியைப் பார்த்திருக்கும்படி நிறுத்தினேன். வலதுபக்க ஹெட்லைட் உடைந்திருந்தது. ட்ரேக்களை உள்ளே கொண்டுவைத்தேன். கொட்டிய சாம்பாரைத் துடைத்தேன். சாவியை ஆணியில் மாட்டினேன். பத்து மணிக்கு ஆராதனை. அன்றைய பாவ அறிக்கை ஜெபத்தை வாசிக்க வேண்டியது என் முறை. வாசித்தேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் பண்டிகைக் காய்கனி ஏலத்தில் நிற்கும்போது வேனுக்குப் போய்க் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினேன். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். வருடாவருடம் செய்கிற வேலைதான். ஆனால் நோட்டை அதற்கு முன்பே பார்த்துவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். எட்டு ஐந்து, எட்டு ஐம்பது. அந்த இரண்டு எண்களையும் பார்த்தபோது எனக்கு மூச்சு சீரானது. ஷைனை மாட்டிவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நோட்டு இருக்கிறபடி இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

வால்டர் செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் இறந்தார். அன்று சாயங்காலமே போலீஸ் வேனைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போனது. நோட்டையும் எடுத்துக்கொண்டார்கள். ஷைன் நடுங்கிப்போய் எனக்கு ஃபோன் பண்ணினான். உடனே அவன் அபார்ட்மென்ட்டுக்குப் போனேன். ரெனிஷா டீ போட்டுக் கொடுத்தாள். "அங்கிள் நீங்க இருக்கீங்கல்ல, எங்களுக்கு இங்க வேற யாரு இருக்கா," என்றாள்.

"நான் யாரையும் இடிக்கல அங்கிள். ஸ்வேர் பண்ணிச் சொல்றேன். நாங்கதான் அன்னைக்கி ஒன் அவர் முன்னாடியே வந்துட்டோமே?"

"முன்னாடி வந்தீங்க, சரிதான். ஆனா கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி போச்சுல்லா? ரெண்டும் சரியாப் போச்சு. அதான் நீயே எட்டம்பதுன்னு எழுதியிருக்க."

அவன் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டான். முன்னாலா பின்னாலா என்று இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கே நவம்பரில் குழப்பம். எனக்குக் குழப்பம் இல்லை. காத்திருந்தேன். அவன் கணக்கு முடியவில்லை.

"வழியில ஏதாச்சும் குலுங்கிச்சா?" என்று கேட்டேன்.

"ரயில்வே லைன் தாண்டினதும் ஒரு ஜெர்க் இருந்துச்சு. பாட்ஹோல்னு நெனச்சேன்."

"பாட்ஹோல்தான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியோடு அவனை விட்டுவிட்டு வந்தேன். காலையில் பார்த்தபோது கண் சிவந்திருந்தது. "வேன்ல சாம்பார் ஸ்மெல் வருதுன்னு போலீஸ் சொன்னாங்க அங்கிள்," என்றான். போன வாரம் கொட்டியது என்றேன். சரி அங்கிள் என்றான்.

புதன்கிழமை அவனை ஸ்டேஷனுக்கு என் காரில்தான் கூட்டிப்போனேன். அதற்கு முந்தின இரவு ரெபெக்கா ஃபோன் பண்ணியிருந்தாள். அப்போது அவள் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம். நாங்கள் தமிழில் பேசினாலும் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். "டெல் ஹிம் நாட் டு சே எ வேர்ட், அப்பா. நாட் ஒன் வேர்ட்." சொல்கிறேன் என்றேன்.

பார்க்கிங்கில் காரை நிறுத்தியதும் ஷைன் கேட்டான். "லாயர் யாரையாச்சும் கூட்டிட்டுப் போலாமா அங்கிள்? ஆபீஸ்ல பத்ரின்னு ஒரு ஃப்ரெண்ட், கண்டிப்பா லாயர் வேணும்னு சொல்றான்."

"தப்பு பண்ணுனவன்தான் தம்பி மொதல்ல லாயரத் தேடுவான். நாம கர்த்தருக்கு முன்னாடி நிக்கிறவங்க. உள்ள போயி உள்ளதச் சொல்லு. நோட்டுல எழுதினது நீதானான்னு கேட்டா, நான்தான்னு சொல்லு. பெரிய மனுசன் கேக்கும்போ வாய மூடிட்டிருந்தா என்ன நெனப்பாங்க?"

இருவரும் கண்ணை மூடினோம். நான் ஜெபித்தேன். உண்மையிலேயே உருகித்தான் ஜெபித்தேன், அவனுக்குக் கண்ணீர் வந்தது.

உள்ளே நான்கு மணி நேரம் வைத்திருந்தார்கள். உரிமைகளை எழுதிய அட்டையைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அவன் பெயரின் முதலெழுத்தைப் போடச் சொன்னார்களாம். போலீஸ் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது, சட்டப்படிதான் செய்தார்கள். ஷைன் எல்லா இடத்திலும் அழகாகப் போட்டிருந்தான். சபையில் எதற்கும் கையெழுத்துப் போடச் சொல்லிப் பழக்கியவன் நான். கடைசியில், நான் யாரையும் பார்க்கவில்லை, ஆனால் இடித்திருக்கலாம், அந்த நேரத்தில் வேனை ஓட்டியது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அன்றே அவன் மேல் குற்றம் பதிந்து, வழக்கு முடியும்வரை வெளியே இருக்க விட்டார்கள்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று டிடெக்டிவ் கேட்பார். நியாயமான கேள்வி. நான் உள்ளே போனால் சபை உடைந்துவிடும், கட்டடத்துக்காரர்கள் ஒப்பந்தத்தை முறித்துவிடுவார்கள். ரெபெக்கா இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் வக்கீலாகப் பதிவு செய்ய வேண்டும், அப்பா பெயர் செய்தியில் வந்தால் அவளால் தலைநிமிர முடியாது. ஷைனுக்கு வயது இருக்கிறது. ஐந்து வருடம் போனாலும் முப்பத்தைந்து தாண்டாது. எனக்கு அப்படியா? இதையெல்லாம் ஒரு தட்டிலும் உண்மையை ஒரு தட்டிலும் வைத்துப் பார்த்தேன். அவசரப்பட்டு எடுத்த முடிவு இல்லை.

எலிசா அக்கா மட்டும்தான் கொஞ்சம் தொந்தரவு. எங்கள் சபையில் இருக்கும் ஜெர்ரியின் அம்மா. வேனில் வந்த ஐந்து பேரில் ஒருவர். தைராய்டு மாத்திரை சரியாக எட்டு மணிக்குப் போட வேண்டும் என்று ஜெர்ரி ஃபோனில் அலாரம் வைத்துக் கொடுத்திருந்தான். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரூஃபஸ் தம்பி, அந்தப் பய இடிச்சிருக்க மாட்டான் கேட்டியா. அலாரம் அடிக்கும்போ நாம சர்ச்சுக்குள்ளல்லா இருந்தோம்? பூசணிக்காய கீழ வச்சிட்டுல்லா நான் குளிகைய முழுங்கினேன். போலீசுகிட்ட நான் வந்து சொல்லட்டா?"

ஃபோன் அலாரம். அதன் நேரம் தானாக மாறுகிற நேரம். "அக்கா, நீங்க விசிட்டர் விசா. போலீஸ் கேஸுல பேரு வந்தா பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிடுவான். கோர்ட்டு கோர்ட்டா அலையணும். அடுத்த தடவ ஜெர்ரி பிள்ளையப் பாக்க விசா தரமாட்டான்," என்றேன். அவர் முகம் சுருங்கியது. டிக்கெட் அந்த மாதக் கடைசிக்குத்தான் இருந்தது. ஜெர்ரியிடம் பேசி ஒரு வாரம் முன்னால் மாற்றி, நானே ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டேன். மற்ற நான்கு பேர் வீட்டுக்கும் ஃபோன் செய்து அதையே சொன்னேன். எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

இங்கே ஒன்றைத் திருத்த வேண்டும். எங்கள் தொழிலில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்திட வேண்டும். வால்டரிடம் அசைவில்லை என்று சொன்னேன் அல்லவா? அசைந்தார். வலது கை இலைகளுக்குள்ளிருந்து மேலே வந்தது. எதையோ பிடிக்கப் பார்த்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் அவரைக் கண்டபோது எட்டு ஐம்பத்தெட்டு. இருபது நிமிடம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகக் கோர்ட்டில் வாசித்தார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

வேலை போன ஷைனுக்கு அரசாங்கம் ஒரு வக்கீலைக் கொடுத்தது. நல்ல பெண்மணி. உன் ஃபோன் அந்தக் காலையில் எங்கே இருந்தது என்று ஆள் வைத்துப் பார்க்கலாம், கூட வந்தவர்களை விசாரிக்கலாம் என்றார். ஷைன் என்னிடம் வந்து கேட்டான். நீயே கையெழுத்துப் போட்டதை நீயே இல்லையென்றால் கோர்ட்டில் பொய்யன் ஆகிவிடுவாய், விசாரணைக்குப் போனால் பத்து வருடம், ஒப்புக்கொண்டால் ஐந்து என்றேன். ஒப்புக்கொண்டால் தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். அதையும் கேட்டான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் தம்பி என்றேன்.

அதற்குள் அவன் தானே இடித்ததாக நம்ப ஆரம்பித்திருந்தான். கனவில் அந்த மனிதர் வருகிறார் என்று ரெனிஷாவிடம் சொல்லி அழுவானாம்.

ஒப்புக்கொள்வதில் ஒரு சிக்கல் இருந்தது. வெறுமனே ஆமாம் என்றால் ஜட்ஜ் ஏற்க மாட்டார். என்ன நடந்தது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். நிரபராதி யாரும் பயத்தில் தலையாட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. ஷைனுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. எனக்குத் தெரியும். ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு மளிகைக் கடையின் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து, மூன்று சனிக்கிழமை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஈரமான ரோடு, இலைக்குவியல், நீலத் தொப்பி. "ஒருமுறை திரும்பிப் பார்த்தார்," என்றேன். அவன் அதையும் திருப்பிச் சொன்னான். மூன்றாவது சனிக்கிழமை நான் எடுத்துக்கொடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

கோர்ட்டில் ஜட்ஜ் ஒவ்வொன்றாகக் கேட்டார். பன்னிரண்டு பேர் முன் விசாரணை கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாய், தெரியுமா? உனக்காகச் சாட்சிகளை அழைக்கும் உரிமையை? பேசாமலிருக்கும் உரிமையை? என் வகுப்பில் நான் சொல்லும் அதே வரிசை. உன்னை யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா என்றும் கேட்டார். ஷைன் திரும்பி என்னைப் பார்த்தான். தலையசைத்தேன். "நோ, யுவர் ஆனர்," என்றான்.

பிறகு நடந்ததைச் சொன்னான். நான் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள். வால்டரின் மனைவி எழுந்து நின்று, உண்மையைச் சொன்னதற்கு நன்றி, நான் உன்னை மன்னிக்கிறேன் என்றார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன். யோசித்துப் பார்த்தால் நான் அன்றே ஒப்புக்கொண்டுவிட்டேன். வாய் மட்டும் ஷைனுடையது.

ரெனிஷா ஊருக்குப் போய்விட்டாள். பெண் குழந்தை பிறந்தது. இந்த வருடம்தான் குழந்தையைப் பார்க்க எலிசா அக்கா மார்த்தாண்டத்துக்குப் போயிருக்கிறார். போன இடத்தில் அலாரம், மாத்திரை, பூசணிக்காய் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறார். ரெனிஷா ரெபெக்காவுக்கு ஃபோன் பண்ணினாள். ரெபெக்கா இப்போது வேறொரு கவுன்டியில், வக்கீல் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்காக வாதாடுகிறாள். அவள் கோர்ட் ஆவணங்களை வாங்கிப் படித்தாள். யாரையும் பார்க்கவில்லை என்று போலீசில் சொன்னவன், திரும்பிப் பார்த்தார் என்று கோர்ட்டில் எப்படிச் சொன்னான் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. சிறைக்குப் போய்க் கேட்டாள். "ரூஃபஸ் அங்கிள்தான் சொல்லித் தந்தாங்க," என்று ஷைன் சொல்லியிருக்கிறான். இப்போதும் என்மேல் சந்தேகமில்லாமல்தான் சொன்னானாம். அதைச் சொல்லும்போது ரெபெக்காவின் குரல் உடைந்தது.

போன வாரம் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்வி. ஹூ பிக்ட் அப் த ஃபுட், அப்பா? நான் ஸ்டவ்வை அணைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த நாளிலிருந்து அவள் பார்த்து வந்த முகம், அதில் அவளுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் அது எந்தக் காகிதத்திலும் இல்லை. ஜெர்ரியின் அம்மா ஊரிலிருக்கிறார், அலாரத்துக்குப் பதிவில்லை. ஷைனின் பழைய ஃபோன் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஷைன் வெளியே வர என் வார்த்தை ஒன்றுதான் வழி என்று ரெபெக்காவே சொன்னாள். சரி, போகலாம் என்று நான்தான் கிளம்பினேன். இதை யாரும் மறுக்க முடியாது.

டிடெக்டிவ் வந்துவிட்டார். எதிரில் உட்கார்ந்து, அட்டையை மேசைமேல் வைத்து, பேனாவைப் பக்கத்தில் வைக்கிறார். நிதானமாக வாசிக்கிறார். ஒரு வார்த்தை விடவில்லை. வாசித்து முடித்து, இதெல்லாம் புரிந்ததா, என்னோடு பேச விருப்பமா என்று கேட்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெபெக்கா எழுந்து நிற்கிறாள்.

எல்லாம் வரிசையாக என்னிடம் தயாராக இருக்கிறது. பேனாவைக் கையில் எடுக்கிறேன். பழைய பழக்கம், எழுதுவதற்கு முன் சுவரிலிருக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறேன். பதினொன்று இருபது. பேனாவைத் திரும்ப மேசையில் வைக்கிறேன்.

"எனக்கு வக்கீல் வேண்டும்," என்கிறேன். "அவர் வரும்வரை நான் எதுவும் பேச விரும்பவில்லை."

அவ்வளவுதான். டிடெக்டிவ் கோபப்படவில்லை. இன்னொரு கேள்விகூடக் கேட்கவில்லை. நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஃபைலை மூடி, இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வெளியே போகிறார். கதவு திறக்கும்போது ரெபெக்கா அவர் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை, அவள் சின்னப் பெண். சட்டைப்பையில் அந்தச் சின்னப் புத்தகம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறது. இத்தனை வருடம் நான் வகுப்பில் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. இந்த நாட்டில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். ஷைனும் கேட்டிருக்கலாம்.